காதைத் தொட்டால் பேசாதே

இளைஞர்களைப் பேசவைப்பது எப்படி என்று பயிற்சி கொடுக்க யாராவது வந்தால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த பிள்ளையை என்ன செய்தீர்கள்? பதில் வராது. அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வாயைத் திறக்காத பிள்ளை மீதுதான் காதல். வாயுள்ள பிள்ளையைக் கண்டால் ஒரு சலிப்பு. நானும் அந்தத் துறையில் இருந்தவள்தான். அந்தக் காதலில் விழுந்து, பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் விளையாட்டு இடத்தைக் கார்களுக்குத் தாரைவார்த்துக் கொடுத்தவள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சமூகப்பணியில் முதுகலை முடித்து, அடையாறில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். வேலையின் பெயர் ‘இளையோர் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர்’. (அப்பா அசோக் நகரில் பார்த்தவர்களிடமெல்லாம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ‘அப்படின்னா என்ன சார் வேலை?’ என்று கேட்டால், ‘பசங்களோட பேசறது’ என்று சொல்லிவிட்டு அவரே பேச்சை மாற்றிவிடுவார்.) கைத்தறிச் சேலை, தோளில் ஜோல்னாப் பை, உலகத்தில் உள்ள எல்லார் கஷ்டமும் எனக்குப் புரிகிறது என்பதுபோல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பழைய புகைப்படங்களில் பார்க்கும்போது அந்தப் பெண்ணுக்கு ஓர் அறை விடலாம் போல இருக்கிறது.

அந்த வேலைக்கென்று சில சூட்சுமங்கள் உண்டு. அதை மறுக்கமாட்டேன். கூட்டத்தை நமக்கு வசதியான நேரத்தில் வைக்கக்கூடாது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் வைத்தால் ஒரு பெண்ணும் எட்டிப் பார்க்கமாட்டாள். நாற்காலி போட்டு உட்காரக்கூடாது. தரையில் வட்டமாக, நாமும் அவர்களும் ஒரே உயரத்தில். டீயையும் பிஸ்கட்டையும் கடைசியில் கொடுத்தால் அது கூலி, முதலிலேயே கொடுத்தால் உபசாரம். ‘யாருக்காவது சந்தேகம் இருக்கா?’ என்று கேட்கவே கூடாது. அது பள்ளிக்கூடத்துக் கேள்வி, அதைக் கேட்டதும் எல்லாருக்கும் எல்லாமே புரிந்துவிடும். முதலில் இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டால் பிறகு கூட்டத்தில் வாய் திறப்பார்கள். முக்கியமாக, கூட்டம் முடிந்த கையோடு ஆட்டோ பிடித்து ஓடிவிடாமல் அவர்களோடு தெருமுனை வரைக்கும் நடக்கவேண்டும். வட்டத்தில் வராத விஷயமெல்லாம் அந்த நடையில்தான் வரும். இதெல்லாம் உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

என்னைக் கவிழ்த்தவை வேறு இரண்டு. பெசன்ட் நகரில், கடற்காற்று வருகிற ஒரு மாடியில் நடந்த பயிற்சி முகாமில் அவற்றைக் கற்றுக்கொண்டேன். முதல் விதி: கேள்வி கேட்டபின் வாயை மூடு. யாரும் பேசாவிட்டால் பதறாதே. அந்த மௌனம் இளைஞர்களுக்குச் சொந்தமானது, அதை நீ நிரப்பாதே. மனதுக்குள் பத்து வரை எண்ணு, போதாவிட்டால் இன்னொரு பத்து. யாராவது ஒருவர் தாங்கமுடியாமல் பேசியே தீருவார். இரண்டாம் விதி: அதிகம் பேசுகிறவர்கள் பின்னே போகட்டும், பேசாதவர்கள் முன்னே வரட்டும். பயிற்சியாளர் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்களும் மூடிக்கொண்டோம். (பாதிப் பேர் மதியச் சாப்பாட்டின் மயக்கத்தில்.) நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று.

எனக்குக் கொடுத்திருந்த பகுதி, தி.நகர் துணிக்கடைகளின் பின்பக்கம், சைதாப்பேட்டையை நோக்கி இறங்குகிற ஒரு குடியிருப்பு. அங்கே எனக்கு ஒரு பெண்கள் குழு. அதில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருத்தி ரெஜினா. எல்லாருக்கும் ரெஜி. ப்ளஸ் ஒன். அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றால் கடைக்காரர் தராசை இரண்டு முறை பார்ப்பார். த்ரோபால் ஆடுகிற பெண்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்ததே அவள்தான். மாநகராட்சி மைதானம் ஒன்று இருந்தது, ஆனால் அதில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பையன்களின் கிரிக்கெட். ஆகவே இவர்கள் சந்தில், நிறுத்தியிருக்கும் பைக்குகளுக்கு நடுவே ஆடுவார்கள். பந்து யாராவது ஒருவருடைய கண்ணாடியில் படும். உடனே வசவு, அத்தோடு ஆட்டம் முடியும்.

ரெஜிக்கு இது பொழுதுபோக்கு இல்லை. அவளுடைய அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சீட்டு கிடைத்தால் படி, இல்லாவிட்டால் ப்ளஸ் டூவோடு போதும் என்று. ஒதுக்கீடு கிடைக்க வேண்டுமானால் அணி போட்டிகளில் ஜெயிக்கவேண்டும். ஜெயிக்கப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு இடம் வேண்டும். இதை என்னிடம் முதல் நாளே, டீ ஆறுவதற்குள், மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டாள். நான் புரிந்துகொள்கிற சிரிப்பைச் சிரித்தேன். மனதுக்குள், ‘இந்தப் பெண் மற்றவர்களைப் பேசவிடமாட்டாள் போலிருக்கிறதே’ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொருத்தி மாலதி. வட்டத்தில் கடைசியாக வந்து உட்காருவாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள். எத்தனை கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். அதுகூட ஆமாமா இல்லையா என்று தெரியாதபடி ஓர் ஆட்டல். அவளைப் பார்த்த மாத்திரத்தில் என் உள்ளம் பூரித்தது. இதோ, என் மாலதி!

அந்தச் சந்தின் முடிவில் ஒரு காலி மனை கிடந்தது. நடுவில் பெரிய வேப்ப மரம். பெண்கள் இரண்டு துப்பட்டாக்களை முடிந்து, ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை விளக்குக் கம்பத்திலும் கட்டினால் அதுதான் வலை. காவலாளி நல்ல மனநிலையில் இருந்தால் ஆடலாம், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் துரத்துவார். மனை, தி.நகரில் பெரிய துணிக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சிக்குச் சொந்தம். எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் மேடம் அவருடைய நெடுநாள் வாடிக்கையாளர். அவர் மூலமாக அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தோம்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் எரிச்சலான விஷயம். கெட்டவராக இருந்திருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, கடையில் துணி மடித்து, பிறகு கடையையே வாங்கியவர். மேடமும் நானும் மாறி மாறிப் பேசியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அம்மா, மனை சும்மாதான் கெடக்கு. கடைக்கு வாரவுகளுக்குக் கார் நிறுத்த எடம் பண்ணணும்னு மவன் சொல்லிக்கிட்டே இருக்கான். பிள்ளைய வெளையாடணும்னா நான் மவன்கிட்ட சொல்லிக்கிடுதேன். ஆனா ஒண்ணு. ஒங்கள மாரி பேசுதவுக எங்கிட்ட நெறையப் பேர் வந்துட்டாக. மரம் நடணும்பாக, கோயிலுக்கும்பாக. நீங்க பேசாதீக. வேணும்ங்கிற பிள்ளை வாயால கேக்கட்டும். கேட்டா குடுத்துருதேன்.”

எனக்கு அப்போது ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்ச நஞ்சமல்ல. ‘பிள்ளை வாயால கேக்கட்டும்’ என்று ஒரு வியாபாரி சொல்கிறார்! எங்கள் பயிற்சி முகாமின் சாரமே அதுதானே! இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

சாதாரணமாக மூளை வேலை செய்கிற யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? ரெஜியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், கல்லா முன்னால் நிறுத்தியிருப்பார்கள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்து, பக்கத்துக் கடையில் ரோஸ்மில்க் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் நான் இளையோர் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர். ரெஜி கேட்டு இடம் கிடைத்தால் அதில் என்ன பெருமை? அவள்தான் எப்படியும் கேட்பாளே. மாலதி கேட்கவேண்டும். யாருமே குரலைக் கேட்டிராத மாலதி, அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்துக் கேட்கவேண்டும். அதுதான் மாற்றம்.

அன்றைக்குத் தெருமுனை வரை நடக்கும்போது ரெஜியிடம் இதைச் சொன்னேன்.

“அவளா? மிஸ், அவ வூட்லயே பேசமாட்டா மிஸ். நான் கேட்டுடறேன். ஒரே ஒரு வார்த்த. எங்களுக்கு சாயங்காலத்துல இந்த எடம் வோணும்னு. முடிஞ்சிபூடும்.”

“அதான் ரெஜி விஷயமே. எப்பவும் நீயே பேசினா மத்தவங்க எப்பப் பேசறது? தலைமைன்னா முன்னால நிக்கறது மட்டும் இல்ல. விட்டுக்குடுக்கறதும்தான்.”

அவள் தெருவில் கிடந்த கல் ஒன்றை எத்திக்கொண்டே நடந்தாள். பிறகு, “சரி மிஸ். நீங்க சொன்னா கரீட்டாதான் இருக்கும்” என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெண் ஒருவர் சொன்னதைக் கேட்டாள். அந்த ஒருவர் நானாக இருக்கவேண்டுமா?

ஆனாலும் எனக்கு அவள்மேல் நம்பிக்கையில்லை. அதனால் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். நான் காதைத் தொட்டால் ரெஜி பேசக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேப்ப மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தாயிற்று. பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். இயக்குநர் மேடம் கேமராவோடு வந்திருந்தார். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், காரிலிருந்து இறங்கியவுடன் கேட்டார், “நாற்காலி இல்லியாம்மா?”

“நாங்க எல்லாரும் சமமா வட்டமா உட்காருவோம் சார்” என்றேன், சிரித்தபடி.

“எனக்கு முட்டு வலி” என்றார்.

அவருடைய ஓட்டுநரும் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அண்ணாச்சியைச் சமத்துவத்தில் இறக்கினார்கள். இறங்கும்போது அவர் முருகனைக் கூப்பிட்டார். ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை மடக்கமுடியாமல் வட்டத்தின் நடுவே நீட்டிக்கொண்டார். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நிகழ்ச்சியைத் தொடங்கினேன்.

முதலில் இறுக்கத்தைத் தளர்த்த ஒரு விளையாட்டு. பந்து யாரிடம் வருகிறதோ அவர்கள் தங்கள் பெயரையும் பிடித்த காயையும் சொல்லவேண்டும். (இதை ஏன் ஒரு துணிக்கடை முதலாளியை வைத்துக்கொண்டு செய்தேன் என்று கேட்காதீர்கள். முகாமில் எங்களைச் செய்ய வைத்தார்கள், நான் இவர்களைச் செய்ய வைத்தேன்.) “ரெஜினா, உருளக்கெழங்கு” என்று ரெஜி பந்தை எறிந்தாள். அது அண்ணாச்சியின் நெஞ்சில் பட்டு மடியில் விழுந்தது. அவர் பந்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

“கத்திரிக்கா” என்றார். “அம்மா, எனக்குச் சோலி கெடக்கு.”

பந்து மாலதியிடம் போனது. அவள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துப் பெண்ணிடம் உருட்டிவிட்டாள். விருப்பமில்லாதவர்கள் சொல்லாமல் விடலாம் என்பதும் எங்கள் விதிதான்.

பிறகு அண்ணாச்சியே விஷயத்துக்கு வந்தார். நீட்டிய காலைத் தடவிக்கொண்டே பெண்களைப் பார்த்து நன்றாக, பிரியமாகத்தான் கேட்டார்.

“சரி, சொல்லுங்க பிள்ளையளா. ஒங்களுக்கு என்ன வேணும்?”

மௌனம்.

நான் மாலதியைப் பார்த்துக் கண்ணால் ஊக்கம் கொடுத்தேன். அவள் பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். காக்கை ஒன்று கத்தியது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது. முதல் பத்து முடிந்தது. இன்னொரு பத்து. ரெஜி வாயைத் திறந்தாள், நான் காதைத் தொட்டேன். மூடிக்கொண்டாள். அவளுடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. மறுபடி வாயைத் திறந்தாள், மறுபடி தொட்டேன். மற்ற பெண்களெல்லாம் ரெஜியையே பார்த்தார்கள், ஏனென்றால் அவர்கள் தங்கள் சார்பில் பேச அவளைத்தான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தார்கள், யாரும் கற்றுக்கொடுக்காமலே. அது எனக்குப் பங்கேற்பாகத் தெரியவில்லை. நான் கையைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

“காதுல என்னம்மா, பூச்சியா?” என்று அண்ணாச்சி அக்கறையாகக் கேட்டார்.

“இல்ல சார். கொஞ்சம் நேரம் குடுப்போம்” என்றேன்.

அண்ணாச்சி நேரம் கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கொடுத்தார். மேலே மரத்தைப் பார்த்தார், கொடுத்தார். நீட்டிய காலை நகர்த்தி நீட்டினார். வாழ்நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆள். வந்தவர்கள் சும்மா நின்றால் அதற்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். எனக்குத் தெரிந்த அர்த்தமும் ஒன்றுதான். இரண்டு பேரும் அவரவர் தொழில் அனுபவத்தோடு ஒரே மௌனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அண்ணாச்சியே, நான் மாலதியைப் பார்ப்பதைப் பார்த்து, அவளிடம் குனிந்து கேட்டார்.

“நீ சொல்லு தாயி. என்ன வேணும் ஒனக்கு?”

மாலதி தலையைத் தூக்கினாள். மேடம் கேமராவைத் தூக்கினார். மாலதி வாயைத் திறந்தாள். எங்கள் குழுவின் சரித்திரத்தில் முதல் தடவையாக அவள் குரல் கேட்டது. தெளிவான, அழகான குரல்.

“ஒண்ணும் வேணாம் சார்.”

கேமரா கிளிக் என்றது.

“அப்பச் சரி” என்றார் அண்ணாச்சி. ஓட்டுநரைக் கை காட்டிக் கூப்பிட்டார். அவரை ஜமுக்காளத்திலிருந்து கிளப்பத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் ரெஜி துள்ளி எழுந்தாள். “சார்! சார்! வோணும் சார்! எங்களுக்கு வோணும் சார்! சாயங்காலத்துல...”

“ரெஜினா!” என்று மேடம் அதட்டினார். “மாலதி இப்பத்தான் பேசியிருக்கா. அவ குரலை நீ அமுக்கக்கூடாது.”

ரெஜி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘மிஸ், நீங்களாவது சொல்லுங்க’ என்ற பார்வை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கே சொல்லவேண்டியதை நான் சொல்லியிருக்கலாம். கை பழக்கத்தில் காதுக்குப் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், தானாகப் போயிற்று.

அண்ணாச்சி எழுந்து நின்று வேட்டியைத் தட்டினார். ஒருத்தி வேண்டாம் என்கிறாள், ஒருத்தி வேண்டும் என்கிறாள், கூட்டிவந்தவளுக்குக் காதில் ஏதோ கோளாறு. “ஒங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

காரின் புழுதி அடங்கியபிறகு ரெஜி என் முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “கம்முனு குந்தினு இருந்தேனே மிஸ்” என்றாள். “நீங்க சொன்னீங்கன்னு கம்முனு குந்தினு இருந்தேனே.” அவ்வளவுதான். வலைக்குக் கட்டியிருந்த துப்பட்டாவை மரத்திலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தெருமுனை வரை என்னோடு நடந்தவள் மாலதி மட்டும்தான். ஒரு தடவை பேசியதில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது போல. நான் கேட்காமலே சொன்னாள்.

“எனக்கு த்ரோபாலே புடிக்காது மிஸ். பந்து மூஞ்சில பட்டுடுமோன்னு பயம்.”

“அப்புறம் ஏம்மா இத்தனை நாள் வந்தே?”

“வூட்ல இருந்தா தண்ணி தூக்கச் சொல்வாங்க மிஸ்.”

குழாய் நேரத்தில் கூட்டம் வைக்கக்கூடாது என்ற என் சூட்சுமம் எவ்வளவு சரியானது பாருங்கள். அந்த மாதங்களில் அங்கே லாரித் தண்ணீர்தான் வந்தது, அதற்கு ஏது நேரம்? கூட்ட நேரத்திலும் வரும். இத்தனை நாளில் மாலதியிடம் பிடித்த காய் என்னவென்று கேட்டிருக்கிறேன், பிடித்த நிறம் கேட்டிருக்கிறேன், கனவு என்னவென்று படம் வரையச் சொல்லியிருக்கிறேன். த்ரோபால் பிடிக்குமா என்று மட்டும் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் நான் கடைக்குப் போனேன். அண்ணாச்சி மோர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். (நாற்காலியில். அதை அழுத்திச் சொன்னார்.) நான் தொடங்குவதற்குள் கையை உயர்த்தினார்.

“நீங்க கேக்காதீக. அன்னைக்கே சொன்னேன். கடையில நிக்கிற ஆளு ஒண்ணும் வேணாம்னு சொன்ன பொறவு நான் துணியப் பிரிச்சுப் போட்டா, அதுக்குப் பேரு யாவாரம் இல்லம்மா. மவன் மனையில வேலைக்கு ஆள் சொல்லிட்டான்.”

அதே வாரத்தில் ரெஜியும் நான்கைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். அண்ணாச்சி ஊருக்குப் போயிருந்தார். மகன், “இதை அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?” என்றாராம். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

வேப்ப மரத்தை வெட்டினார்கள். ஜல்லி கொட்டினார்கள். பெண்கள் மறுபடி சந்துக்கே போய் ஆடினார்கள். பந்து ஒருநாள் யாருடைய பைக் கண்ணாடியையோ உடைத்தது, பைக்காரர் ரெஜியின் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார். அன்றோடு அவளுடைய அப்பா பந்தைப் பிடுங்கி வைத்துவிட்டார். அவள் இல்லாமல் அணி இல்லை. அணி இல்லாமல் ஒதுக்கீடு இல்லை. மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எங்கள் நிறுவனத்தில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டாமா? அந்த ஆண்டறிக்கையின் அட்டையில் மாலதியின் படம். தலை நிமிர்ந்து, வாய் திறந்து, பின்னால் வேப்ப மரம். அந்தப் படம் அச்சாகி வரும்போது மரம் இல்லை. கீழே, ‘மௌனம் கலைந்தது’ என்று தலைப்பு. அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் உள்ளே எங்கும் போடவில்லை. என்னைப் பாராட்டினார்கள். மற்ற ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். பெசன்ட் நகரின் அதே மாடியில் நின்று, மௌனத்தை நிரப்பாதீர்கள் என்று நானும் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னேன். மூடினார்கள். அதன்பிறகு அந்த வேலையில் இருக்கப் பிடிக்கவில்லை. இப்போது ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே யாரும் பங்கேற்கவேண்டிய அவசியம் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கதையைக் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். நான் அழுவதற்காகச் சொன்னேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ‘போதும்’ என்று சொல்வதில்லை. இன்னொரு கரண்டி சாம்பார் விடவா என்றால், “ஒண்ணும் வேணாம் சார்.” காய்கறிக்காரர் கேட்டால், “ஒண்ணும் வேணாம் சார்.” எங்காவது நான் சும்மா உட்கார்ந்திருந்தால் என் பத்து வயது மகள் அப்பாவிடம் கிசுகிசுப்பாள், “டிஸ்டர்ப் பண்ணாதப்பா, அம்மா பங்கேற்கறாங்க.” என் அப்பாவுக்குக் கடைசியில் என் வேலை என்னவென்று புரிந்தது இந்த நகைச்சுவையின் மூலமாகத்தான். நானும் சிரித்துவிடுவேன். சிரிக்காவிட்டால் அழவேண்டும், அதற்கு வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

இந்தத் தீபாவளிக்குத் துணியெடுக்க தி.நகர் போனோம். அந்தக் கடைப் பக்கமே நான் இத்தனை வருடம் போனதில்லை. உஸ்மான் சாலையில் ஊர்ந்து ஊர்ந்து, கணவர் ஒரு பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். வாடிக்கையாளர் வாகன நிறுத்தம். ‘இங்க வேண்டாம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். சொல்லவில்லை. காவலாளி கையசைத்த இடத்தில் வண்டி நின்றது. இறங்கி விளக்குக் கம்பத்தைத் தேடினேன். அது மட்டும் இருந்தது.

வண்டி நிறுத்தினால் கடைக்குள் போகத்தானே வேண்டும். குழந்தைகள் பிரிவில் கூட்டம் பிதுங்கியது. பின்னாலிருந்து ஒரு குரல், கடையே திரும்பிப் பார்க்கும்படி.

“இன்னா மிஸ், கண்டுக்காம போறீங்க?”

திரும்பினேன். ரெஜி. கொஞ்சம் பருத்திருந்தாள். ஒரு கையில் எட்டு வயதுப் பெண் குழந்தையின் விரல். இன்னொரு கை காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் சட்டென்று என்னைப் பார்த்தார். அவர் அவளைப் பார்த்ததே இல்லை. இருந்தும் யாரென்று தெரிந்துவிட்டது.

“நல்லா கீறீங்களா மிஸ்? இது என் பொண்ணு. ப்ளஸ் டூ முடிச்ச கையோட கட்டிக் குடுத்துட்டாங்க, தெரியுமில்ல?” குற்றம்சாட்டுகிற குரல் இல்லை. சும்மா தகவல் சொல்கிற குரல். அது இன்னும் மோசம். “வண்டிலயா வந்தீங்க? எங்க நிறுத்துனீங்க?”

நான் பேசவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடைவெளியில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். ரெஜி சமாளிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நின்றாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். பத்து வரைக்கும்கூட என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

“உங்க எடத்துலதான் ரெஜி.”

“மரம் கீதா?”

“இல்ல.”

“அப்ப வெயில்ல நிக்குது வண்டி” என்றாள். “சீக்கிரம் போங்க மிஸ். சூடாய்டும்.”

விற்பனைப் பையன் அவள் மகளிடம், “பாப்பாவுக்கு என்ன கலர் வேணும்?” என்று கேட்டான். குழந்தை அலமாரியை அண்ணாந்து பார்த்து நின்றது. நான் பாழாய்ப்போன பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

“கேளுடி!” என்று ரெஜி மகளின் முதுகில் தட்டினாள். “வாயத் தொறந்து கேளு. இந்த மிஸ் பக்கத்துல நின்னுக்கினு யோசிச்சேன்னு வெய்யி, கடைய மூடிக்கினு பூடுவாங்க.”

“அந்தப் பச்ச!” என்று குழந்தை கத்தியது. “மேல கீதே, அது! அதுக்குக் கீழ கீறதும்!”

பையன் இரண்டையும் எடுத்துப் போட்டான்.

வெளியே வந்தபோது மதிய வெயில் உச்சியில். காவலாளி எங்கள் பைகளை வாங்கிப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்து மரியாதையாகக் கேட்டார்.

“வேற எதுனா வோணுமா மேடம்?”

கணவரும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள், “ஒண்ணும் வேணாம் சார்!” பிறகு சிரித்தார்கள். நானும் வழக்கமாக அவர்களோடு சேர்ந்து கத்துகிறவள்தான். அன்றைக்கு இருக்கை சுட்டுக்கொண்டிருந்தது.